ஆக்சிலேட்டரை விட்டதும் டீசல் இன்ஜின் அணைந்துவிடுகிறது: பம்பைக் கழற்றும் முன் என்ன பார்க்கலாம்?

போளூர் லோடு வண்டி எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய நாலு சிலிண்டர் மினி லாரி. டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்புவது ரோட்டரி பம்ப். டர்போ கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. ஜமுனாமரத்தூரில் பலா, புளி, சாமை என்று கிடைக்கிற லோடை ஏற்றி, மலை இறங்கி, போளூர், கண்ணமங்கலம், கணியம்பாடி வழியாக வேலூர் மார்க்கெட்டில் இறக்குவதுதான் பிழைப்பு.

ரேஸ் கொடுத்துப் போகும்வரை வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஏற்றத்தில் நன்றாகவே இழுக்கிறது. ஆனால் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்து, வளைவுக்காக கிளட்சை மிதித்தால், இன்ஜின் ஐடிலில் (ரேஸ் இல்லாமல் ஓடுகிற அடிவேகத்தில்) வந்து நிற்காமல் நேராக இறங்கி அணைந்துவிடுகிறது. காலை மெதுவாக எடுத்தால் பெரும்பாலும் தாங்குகிறது. அணைந்த பிறகு செல்ஃப் அடித்தால் சில சமயம் உடனே பிடிக்கும், சில சமயம் நீளமாகச் சுற்ற வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டும் அப்படித்தான், ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், சில நாள் இந்தத் தொல்லை வரவே வராது.

ஃபில்டர் மாற்றியாச்சு. ஒரு மெக்கானிக் ஐடில் ஸ்குரூவை ஏற்றி வைத்தார். கொஞ்ச நாள் தேவலாம் போல இருந்தது, அப்புறம் பழைய கதைதான். டீசல் பம்ப் பழுது பார்க்கிற ஒரு பம்ப் ரூமில் கேட்டேன். வண்டியைப் பார்க்காமலே, பம்ப் தேய்ந்துவிட்டது, கழற்றி முழுசாக ஓவர்ஹால் பண்ணணும் என்கிறார்கள். அவர்கள் சொல்கிற தொகை எனக்குப் பெரிய தொகை. அதை விடப் பெரிய கவலை, மலை இறக்கத்தில் இன்ஜின் அணையும்போது ஸ்டீயரிங் கனத்துவிடுகிறது, பிரேக் மிதியும் கெட்டியாகிறது. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வாலாஜா பழைய வண்டி எழுதியது:

தம்பி, ஐடில் ஸ்குரூவை ஏற்றியது மருந்து இல்லை, வலி தெரியாமல் மறைத்தது. ஸ்லோ ஸ்பீடு, அதாவது ஐடில், இப்போது எவ்வளவு ஓடுகிறது? இந்த மாதிரி இன்ஜின்களுக்கு 700 முதல் 800 ஆர்பிஎம் வரை இருக்கும். அதற்கு மேல் ஏற்றி வைத்தும் அணைகிறது என்றால் குறை ஸ்குரூவில் இல்லை.

வேகத்துக்குத் தகுந்தபடி டீசலைக் கூட்டிக் குறைக்கிற கவர்னர் உங்களுடையதில் பம்புக்குள்ளேயே இருக்கிறது. நாங்கள் ஓட்டிய காலத்தில் பல வண்டிகளில் காற்றுக் கவர்னர்தான். மேனிஃபோல்டு வாயில் ஒரு தட்டு, அங்கிருந்து ஒரு குழாய், பம்பின் பின்பக்கம் தோல் டயாஃப்ரம். அந்தத் தோல் காய்ந்து வெடித்தால் நடப்பது இதற்கு நேர் எதிர். ரேஸ் இறங்கவே இறங்காது. தோலுக்கு எண்ணெய் விட்டுப் பதமாக வைத்திருப்பது டிரைவரின் வேலை. இப்போது அதெல்லாம் பார்க்கக் கிடைப்பதே அபூர்வம்.

ராணிப்பேட்டை பம்ப்காரர் எழுதியது:

தம்பி, முதலில் உயிர் விஷயம். அப்புறம்தான் பம்ப்.

இறக்கத்தில் இன்ஜின் அணைந்தால் உடனே செய்ய வேண்டியது, கிளட்சிலிருந்து காலை எடுப்பது. கியரில் இருக்கும்வரை சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்ஜின் சுற்றினால் ஸ்டீயரிங் பம்பும் பிரேக்குக்கான வேக்குவம் பம்பும் சேர்ந்து சுற்றும். டீசல் வந்தால் அதுவே பிடித்துக்கொள்ளவும் செய்யும். கிளட்சை மிதித்தபடியே உருண்டால் இரண்டும் போய்விடும். பிரேக் பூஸ்டரில் தேங்கியிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதனால் விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். சாவியைப் பின்னால் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். குறை தீரும்வரை மலையிலிருந்து லோடு ஏற்றாமல் இருந்தால் நல்லது.

இனி பம்புக்கு வருகிறேன். நான் பம்ப் வேலைதான் செய்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், இப்போதைக்குப் பம்பைத் தொடாதீர்கள்.

காலை எடுத்ததும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது கவர்னர் குண்டுகள் விரிந்திருக்கும். ஆக்சிலேட்டரை விட்டதும் அவை நெம்புகோலைத் தள்ளி டீசலை முழுசாக அடைத்துவிடும். வேகம் இறங்க இறங்க குண்டுகள் சுருங்கும். ஐடில் வேகத்தை நெருங்கும்போது ஐடில் ஸ்பிரிங் நெம்புகோலைத் திரும்பத் தள்ளி, கொஞ்சூண்டு டீசலைத் திறந்துவிடும். அந்தக் கொஞ்சூண்டு அந்த நேரத்தில் வந்தே ஆக வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் வேகம் ஐடிலுக்குக் கீழே போய்விடும், அப்புறம் மீளாது. நீங்கள் காலை மெதுவாக எடுக்கும்போது டீசல் முழுசாக அடைபடுவதில்லை, அதனால் தாங்குகிறது.

இப்போது அந்த டீசலோடு ஒரு காற்றுக் குமிழி கலந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு ரேஸில் ஒவ்வொரு அடிக்கும் போகிற டீசல் அதிகம், இன்ஜினும் வேகத்தில் இருக்கும். சின்னக் குமிழி போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஐடிலில் ஒரு அடிக்குப் போவது சில கன மில்லிமீட்டர்தான். அந்த இடத்தைக் குமிழி பிடித்துக்கொண்டால், பம்புக்குள் இருக்கும் பிளஞ்சர் டீசலை அழுத்துவதற்குப் பதில் காற்றை நசுக்கும். காற்று சுருங்கிக்கொடுக்கும். நேரடியாகத் தெளிக்கிற இன்ஜினில், டீசலைத் தெளிக்கிற நாசில் திறக்க 200 பாருக்கு மேல் வேண்டும், மறைமுகமாகத் தெளிப்பதில் 120, 150 பார் வேண்டும். அந்த அழுத்தம் ஏறாது, நாசில் திறக்காது, அந்தச் சிலிண்டர் வெறும் சுற்று சுற்றும்.

உங்கள் மாதிரி வண்டிகள் பலவற்றில் டேங்கிலிருந்து டீசலைத் தூக்கித் தர தனியாக லிஃப்ட் பம்ப் கிடையாது. ரோட்டரி பம்புக்குள் இருக்கும் வேன் பம்பே டேங்கிலிருந்து இழுக்கிறது. அதாவது டேங்கிலிருந்து பம்ப் வாய் வரைக்கும் உள்ள குழாய் முழுக்க உறிஞ்சும் பக்கம். அதில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். "எங்கேயும் லீக் இல்லை, காய்ந்துதான் இருக்கிறது" என்று மெக்கானிக் சொன்னால் அதை நம்பிக் கைகழுவ முடியாது.

ஓவர்ஹால் பண்ணினால் உங்களுக்கு மினுமினுப்பான பம்ப் கிடைக்கும். காற்று வரும் வழி அப்படியே இருந்தால் வண்டி அணைவதும் அப்படியே இருக்கும்.

ஆம்பூர் ஜெனரேட்டர் எழுதியது:

பம்ப்காரர் ஐயா சொல்வது சரி. ஆனால் காற்றைத் தேடுவதற்கு முன்னால் மின்சாரத்தை ஒதுக்கிவிடுங்கள், பத்து நிமிட வேலை. ரோட்டரி பம்பின் தலையில் டீசல் கட் சோலினாய்டு இருக்கும். சாவி போட்டிருக்கும்வரை அதற்கு 12 வோல்ட் போக வேண்டும். கரண்ட் போனால் டீசல் அடைபட்டு இன்ஜின் நின்றுவிடும். ஆக்சிலேட்டரை விடும்போது இன்ஜின் மவுண்டிங்கில் ஒரு பக்கமாக லேசாகச் சாயும். அந்தச் சாய்வில் ஒயர் முனை லூசாக இருந்தால் தொடர்பு விட்டுப்போகும். தோல் தொழிற்சாலை ஜெனரேட்டர்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். லோடு இறங்கியதும் நின்றுவிடும், எல்லோரும் நாசிலைக் கழற்றுவார்கள், கடைசியில் பார்த்தால் ஒரு பச்சை பிடித்த ஒயர் முனை.

சோலினாய்டு முனையிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, கேபினுக்குள் ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு போடுங்கள். மறுமுனை பாடியில். இன்ஜின் அணையும் நொடியில் பல்பும் அணைந்தால் அல்லது கண் சிமிட்டினால் ஒயரிங்கைப் பாருங்கள். பல்பு எரிந்துகொண்டே இருந்தால் டீசல் பக்கம்.

போளூர் லோடு வண்டி எழுதியது:

பல்பு போட்டுப் பார்த்துவிட்டேன் அண்ணே. தரையில், போளூர் பைபாஸில்தான் ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் அணைந்தது, பல்பு கொஞ்சமும் மங்கவில்லை. சோலினாய்டு ஒயர் நல்லாத்தான் இருக்கிறது, முனையைச் சுரண்டி இறுக்கியும் விட்டேன்.

காட்பாடி காமன் ரெயில் எழுதியது:

அண்ணா, என் வண்டியிலும் இதே தொல்லை வந்தது. எனக்கு, புகைக்காற்றில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுகிற ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. காலை எடுத்ததும் புகைக்காற்று அளவுக்கு மேல் உள்ளே போய் இன்ஜின் திணறி நின்றுவிடும். கழற்றிக் கரியைச் சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. அதையும் பாருங்கள்.

ராணிப்பேட்டை பம்ப்காரர் எழுதியது:

காட்பாடி தம்பி, உங்கள் வண்டிக்கு அது சரியான வைத்தியம். போளூர் தம்பியின் வண்டியில் ஈ.ஜி.ஆரே இருக்க வாய்ப்பில்லை. காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் அழுத்தமான டீசலைத் தேக்கி, கம்ப்யூட்டர் தெளிக்க வைக்கிற முறை, வேறு சாதி. இந்த இழையைப் பின்னால் படிப்பவர்கள் குழம்பாமல் இருக்க இதையும் எழுதி வைக்கிறேன்.

காமன் ரெயிலில் காலை எடுத்ததும் அணைந்தால், ஸ்கேனரில் இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் கேட்கிற ரெயில் பிரஷர் ஒன்று, உண்மையில் இருக்கிற ரெயில் பிரஷர் ஒன்று. ஐடிலில் சுமாராக 250 முதல் 350 பார் வரை இருக்கும். காலை எடுத்ததும் கேட்பது 300, வருவது 150 என்று விழுந்தால் பம்பில் உள்ள மீட்டரிங் வால்வு ஒட்டிக்கொள்கிறது, அல்லது இன்ஜெக்டர்கள் ரிட்டனில் அதிகமாக விடுகின்றன, அல்லது இழுக்கும் பக்கம் காற்று. பிரஷர் அசையாமல் இருந்தும் அணைகிறது என்றால்தான் ஈ.ஜி.ஆர்., காற்றுப் பாதை, பெடல் சென்சார், கிராங்க் சென்சார். எண்ணைப் பார்க்காமல் வால்வு வாங்கிப் போடுவது பணத்தைப் பாலாற்றில் போடுவதுதான்.

ஆரணி டிராக்டர் எழுதியது:

டேங்க் மூடியைப் பார்த்தீர்களா? மூடியில் காற்று உள்ளே போக ஒரு சின்னத் துளை இருக்கும். என் டிராக்டரில் சேறு காய்ந்து அது அடைத்துக்கொண்டது. வரப்பு ஓரம் திருப்புவதற்காக ரேஸைக் குறைத்தால் நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று இழுத்தது. துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன், முடிந்தது. காசே செலவில்லை. வண்டி அணைகிற நேரத்தில் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேளுங்கள்.

போளூர் லோடு வண்டி எழுதியது:

மூடியைத் திறந்தே வைத்து ஓட்டிப் பார்த்தேன் அண்ணே, மாற்றமில்லை. சத்தமும் வரவில்லை. பம்ப்காரர் ஐயா, காற்று எங்கே நுழைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ராணிப்பேட்டை பம்ப்காரர் எழுதியது:

கண்ணால் பார்க்கலாம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ஹோஸைக் கழற்றி, அதே உள்விட்டத்தில் கண்ணாடி மாதிரி தெரிகிற டியூப் ஒரு முழம் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் இறுக்குங்கள். இன்னொரு துண்டை டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வருகிற பக்கம் போடுங்கள். ஏர் எடுத்துவிட்டு, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்து, அந்தக் குழாய்களைப் பாருங்கள். முதல் சில நிமிடம் குமிழி வரும், அது நீங்கள் கழற்றியபோது போன காற்று. அது தீர்ந்த பிறகும் வந்தால்தான் கணக்கு.

ஃபில்டருக்குப் பின்னால் மட்டும் குமிழி வந்தால் ஃபில்டர் தலை, அதன் ரப்பர் வளையம், கையால் அடிக்கிற பம்ப், செம்பு வாஷர் என்று தேடுங்கள். நீங்கள் ஃபில்டர் மாற்றியிருக்கிறீர்கள், பழைய வளையத்தையே திரும்பப் போட்டிருந்தால் அதுவும் காரணமாகலாம். முன்னால் உள்ள குழாயிலும் குமிழி வந்தால் குறை டேங்க் பக்கம்.

அதோடு கேன் சோதனை. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, பம்பை விட உயரமாகக் கட்டி, அதிலிருந்து ஒரு சின்ன ஃபில்டர் வைத்து நேராகப் பம்ப் வாய்க்குக் கொடுங்கள். ரிட்டன் குழாயையும் அந்தக் கேனிலேயே விடுங்கள். வண்டியை நிறுத்தி வைத்தே செய்யுங்கள், கேனைக் கட்டிக்கொண்டு ரோட்டில் போகக் கூடாது. முழு ரேஸ் கொடுத்துச் சட்டென்று விடுங்கள், திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கேனில் ஓடும்போது ஐடிலில் ஒழுங்காக வந்து நின்றால் உங்கள் பம்பும் கவர்னரும் நன்றாக இருக்கின்றன. கேனிலும் அணைந்தால் பம்பை என்னிடமோ வேறு யாரிடமோ கொண்டு போகலாம்.

இன்னொன்று. யாராவது குழாயைக் கழற்றியிருந்தால் குழாய்களைப் பம்போடு சேர்க்கிற, நடுவில் துளையுள்ள இரண்டு ஹாலோ போல்ட்டையும் பாருங்கள். ரிட்டன் பக்கப் போல்ட்டுக்குள் ஊசித்துளை மாதிரி ஒரு சின்னத் துளைதான் இருக்கும், பெரும்பாலும் தலையில் அவுட் என்ற குறி இருக்கும். அந்தத் துளைதான் பம்ப் உடம்புக்குள் அழுத்தத்தை நிறுத்தி வைக்கிறது. அவசரத்தில் இரண்டையும் மாற்றி மாட்டிவிடுவார்கள். அப்புறம் உள் அழுத்தம் இருக்காது, டைமிங் முன்னேறாது, இழுவையும் போகும். உங்களுக்கு இழுவை இருப்பதால் இது இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் ஒரு பார்வை பாருங்கள்.

போளூர் லோடு வண்டி எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். ஹாலோ போல்ட் சரியாகத்தான் இருக்கிறது, சின்னத் துளை ரிட்டன் பக்கம்.

கேன் வைத்து ஓட்டியபோது ஒரு தடவை கூட அணையவில்லை. எப்படி விட்டாலும் இறங்கி வந்து அழகாக நிற்கிறது. ஐடில் ஏறி இறங்குவதும் இல்லை.

டேங்கோடு திரும்பச் சேர்த்து டியூபைப் பார்த்தேன். ஐடிலில் டேங்க் பக்கத்துக் குழாயில் கடுகு அளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வருகின்றன. ரேஸ் கொடுத்தால் வரிசை கலைந்து, டீசல் நுரைத்த மாதிரி வெளுத்துப் போகிறது. ஃபில்டரைத் தாண்டிய குழாயில் அப்படிச் சீராக வரவில்லை. கொஞ்ச நேரம் தெளிவாக ஓடுகிறது, அப்புறம் விரல் நீளத்துக்கு ஒரே துண்டுக் காற்று வருகிறது. ரேஸை விடும்போது அந்தத் துண்டு பம்புக்குள் போனால் இன்ஜின் அணைகிறது. நின்று பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

ராணிப்பேட்டை பம்ப்காரர் எழுதியது:

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். சின்னக் குமிழிகள் ஃபில்டர் தலையில் போய்ச் சேர்ந்து, அங்கே இடம் கொள்ளாதபோது ஒரே கட்டாகக் கிளம்புகின்றன. சில நேரம் அணைவதும் சில நேரம் அணையாததும் அதனால்தான். பம்பை ஒதுக்கியாச்சு. டேங்கிலிருந்து ஃபில்டர் வரை உள்ள ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள், கிளிப்பும் புதுசு, செம்பு வாஷரும் புதுசு. பழைய ஹோஸை மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

போளூர் லோடு வண்டி எழுதியது:

எல்லாம் மாற்றியாச்சு. பழைய ஹோஸில் நிஜமாகவே மயிரிழை வெடிப்புகள் இருந்தன. போளூரில் டேங்க் நிரப்பிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். குமிழி ஒன்றுகூட இல்லை. அணையவும் இல்லை. எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

போளூர் லோடு வண்டி எழுதியது:

திரும்ப வந்துவிட்டது. வேலூரில் லோடு இறக்கிவிட்டு வரும்போது கண்ணமங்கலம் தாண்டி அணைந்தது. டியூபில் பார்த்தால் அதே கடுகுக் குமிழிகள். புது ஹோஸ், புதுக் கிளிப். டேங்க் வாயில் டியூப் வைத்து வாயால் லேசாக ஊதி, வழியெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் ஈரம் கசியவில்லை. எங்கிருந்துதான் காற்று வருகிறது என்று புரியவில்லை.

வாலாஜா பழைய வண்டி எழுதியது:

மனசை விடாதே தம்பி. பம்ப் ஷாஃப்ட் சீல் தேய்ந்திருந்தாலும் காற்று இழுக்கும். கந்தகம் குறைந்த டீசல் வந்த பிறகு பழைய பம்புகளின் ரப்பர் சீல்கள் சுருங்கிப் போவதைப் பார்த்திருக்கிறோம். பம்ப் ரூம்காரர்கள் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம்.

ராணிப்பேட்டை பம்ப்காரர் எழுதியது:

அண்ணே, சீல் விஷயம் உண்மைதான், ஆனால் இங்கே ஒட்டாது.  குமிழி ஃபில்டருக்கு முன்னாலேயே தெரிகிறது. பம்பில் நுழைகிற காற்று முன்பக்கம் ஓடி ஃபில்டருக்குப் போகாது. ஆனால் வெளியில் ஈரமே இல்லை என்பது எனக்கும் உதைக்கிறது.

திருப்பத்தூர் ஐ.டி.ஐ. எழுதியது:

இழையை முதலிலிருந்து படித்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். தொல்லை வராத நாட்களில் டேங்கில் டீசல் எவ்வளவு இருந்தது?

ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் ஒரே நாளில் இரண்டு காரியம் செய்தீர்கள். ஹோஸ் மாற்றினீர்கள், டேங்கையும் நிரப்பினீர்கள். குமிழி நின்றது எதனால்? முதல் பதிவில், காலை ஸ்டார்ட் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். குழாயில் காற்று புகுந்தால் இரவு முழுக்க டீசல் டேங்குக்கு வடிந்துவிடும், காலையில் நீளமாகச் சுற்ற வேண்டியிருக்கும். ஓட்டை வெளியில் இருந்தால் இது தினமும் நடக்க வேண்டும். சில நாள் மட்டும் நடக்கிறது என்றால் ஓட்டை சில நாள் திறந்தும் சில நாள் மூடியும் இருக்கிறது. அதை எது மூடுகிறது?

டேங்கின் மேல் மூடியிலிருந்து அடிவரை இறங்குகிற இழுப்புக் குழாயைச் சொல்கிறேன். இளநீர் ஸ்ட்ராவில் பாதியில் ஓட்டை இருந்தால், ஓட்டை நீருக்குள் இருக்கும்வரை நமக்குத் தெரியாது. மட்டம் இறங்கி ஓட்டை வெளியே வந்ததும் வெறும் காற்றுதான் வாய்க்கு வரும். குழாய் டேங்குக்குள்ளேயே இருப்பதால் நீங்கள் வாயால் ஊதியபோது வெளியில் ஈரம் தெரிய வழியே இல்லை.

இப்போது பாதிக்குக் கீழே டீசல் இருக்கிறது என்றால் ஒன்று செய்யுங்கள். இன்ஜினை ஐடிலில் விட்டு, டியூபைப் பார்த்துக்கொண்டே கேனிலிருந்து டீசலை டேங்கில் மெதுவாக ஊற்றுங்கள்.

போளூர் லோடு வண்டி எழுதியது:

சார், நீங்கள் கேட்டதும்தான் யோசித்தேன். மலைக்கு ஏறும் முன் போளூரில் டீசல் போட்ட நாட்களில் ஒன்றும் ஆனதில்லை. காசு கை வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று குறைவாக வைத்து ஓட்டிய நாட்களில்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

பையனை டியூப் பக்கம் நிற்க வைத்துவிட்டு ஊற்றினேன். குமிழி வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில், "அப்பா நின்னுடுச்சு" என்றான். ஊற்றுவதை நிறுத்தினேன். குமிழி சுத்தமாக இல்லை. அப்புறம் ரேஸ் கொடுத்து எப்படி விட்டாலும் அணையவில்லை.

ராணிப்பேட்டை பம்ப்காரர் எழுதியது:

அருமை. திருப்பத்தூர் சார், உங்கள் மாணவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

தம்பி, இழுப்புக் குழாயை, டீசல் மட்டம் காட்டுகிற மிதவை யூனிட்டோடு வெளியே எடுங்கள். மிதவை ஒயரைக் கழற்றி, மேல் பிளேட்டின் சுற்று முழுக்கத் தூசியை ஊதித் துடைத்துவிட்டுத்தான் ஸ்குரூவைத் தொட வேண்டும். மண் டேங்குக்குள் விழுந்தால் அது வேறு கதை. கார்க் பேக்கிங் புதுசு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழையது பிரிக்கும்போது உடையும்.

முக்கியமானது ஒன்று. யாராவது டேங்கோடு சேர்த்தே பத்த வைத்துவிடலாம் என்றால் கேட்காதீர்கள். வடித்துக் காலியான டேங்க்தான் ஆபத்து, உள்ளே டீசல் ஆவி நிற்கும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். குழாய் யூனிட்டைத் தனியாக எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, டேங்கிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்ப் பத்த வைக்க வேண்டும். புது யூனிட் கிடைத்தால் அதுவே நல்லது.

போளூர் லோடு வண்டி எழுதியது:

எடுத்தாச்சு. குழாயின் அடிவாயைக் கட்டை விரலால் அடைத்து, பக்கெட் தண்ணீரில் அமுக்கி மேலிருந்து ஊதினேன். பாதி நீளத்தில், மிதவையைத் தாங்குகிற தகட்டு கிளிப் குழாயைப் பிடித்திருக்கும் இடத்திலிருந்து குமிழி வந்தது. கிளிப்பை நகர்த்திப் பார்த்தால், அது வண்டி அதிர்வில் உரசி உரசிக் குழாயில் வளையமாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. பள்ளத்தின் ஒரு ஓரத்தில் துருப்பொடி, அதைத் தட்டினால் ஊசி முனை நுழைகிற ஓட்டை. கிளிப் மூடியிருந்ததால் சும்மா பார்த்தால் கண்ணுக்கே தெரியாது.

புது யூனிட் உடனே கிடைக்கவில்லை. கேஸ் வெல்டிங்கில் பித்தளை பிடிக்க வைத்தேன். தண்ணீரில் திரும்ப ஊதிப் பார்த்து, குமிழி இல்லை என்று தெரிந்த பிறகுதான் மாட்டினேன். அடியில் இருந்த சல்லடையில் கறுப்புக் கசடு பிடித்திருந்தது, அதையும் கழுவினேன். கிளிப்புக்கு உள்ளே டீசல் தாங்குகிற ரப்பர் துண்டு சுற்றியிருக்கிறேன்.

திருப்பத்தூர் ஐ.டி.ஐ. எழுதியது:

நல்ல வேலை. ஐடில் ஸ்குரூவைப் பழைய இடத்துக்கு இறக்க மறக்காதீர்கள். ஏற்றியே வைத்திருந்தால் கியர் மாற்றும்போது உரசும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், மலை இறக்கத்தில் இன்ஜின் பிரேக் குறையும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆர்பிஎம் பார்த்து 750 பக்கத்தில் வையுங்கள்.

அப்புறம் ஃபில்டர் அடியில் உள்ள தண்ணீர் வடிகால் திருகையும் திறந்து கொஞ்சம் விடுங்கள். டேங்க் பாதி காலியாகவே நின்ற வண்டியில் உள்சுவரில் ஈரம் பிடித்துத் தண்ணீர் இறங்கும்.

போளூர் லோடு வண்டி எழுதியது:

கொஞ்சம் தண்ணீர் வந்தது சார், வடித்துவிட்டேன். மெக்கானிக் கடையில் மீட்டர் வைத்து ஐடிலை இறக்கியாச்சு.

இன்று கால் டேங்க் டீசலோடு, லோடு இல்லாமல் மலைக்குப் போய் இறங்கினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வேண்டுமென்றே காலைச் சட்டென்று எடுத்தேன். ஒரு வளைவில்கூட அணையவில்லை. ஸ்டீயரிங் லேசாகவே இருந்தது. நாளையிலிருந்து லோடு ஏற்றலாம் என்று இருக்கிறேன். பம்பைக் கழற்ற வேண்டுமா ஐயா? நாசிலாவது காட்ட வேண்டுமா?

ராணிப்பேட்டை பம்ப்காரர் எழுதியது:

வேண்டாம் தம்பி. புகை இல்லை, இழுவை இருக்கிறது, ஐடில் நிற்கிறது. பம்ப் நன்றாக இருக்கிறது. நாசிலை ஆற அமர, இன்ஜின் வேலை ஏதாவது வரும்போது சேர்த்துச் சோதித்துக்கொள்ளலாம்.

அந்தக் கண்ணாடி டியூபை மட்டும் இன்றே கழற்றிவிடுங்கள். அது சோதனைக்கு மட்டும்தான். இன்ஜின் சூட்டிலும் டீசலிலும் விறைத்து, கிளிப் பிடியிலேயே வெடிக்கும். டீசலுக்கான ரப்பர் ஹோஸ் போட்டு, கையால் பம்ப் அடித்து ஏர் எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

போளூர் லோடு வண்டி எழுதியது:

கழற்றிவிட்டேன் ஐயா. இரண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ் போட்டாச்சு, ஏரும் எடுத்தாச்சு. காலையில் ஒரே சுற்றில் பிடித்தது. புளி மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறேன்.